நெறி கட்டினால் எல்லாம் புற்றுநோயா?

மார்ச் க்ளோசிங் முடிந்து, ஆடிட்டர்களும் கிளம்பிப் போன பிறகுதான் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடிந்தது. நாக்பூரில் வெயில் 44 டிகிரி. மதியம் கிளைக்குள் வரும் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர் ஏ.சி.க்காக வருகிறவர்கள்தான் என்று எனக்குச் சந்தேகம்.

வழக்கமாக இங்கே ரூபாய் நோட்டு, பழைய செட்டியார் வட்டிக்கடை, இம்பீரியல் பாங்க் என்று எழுதிக்கொண்டிருப்பேன். இந்த முறை மருத்துவ வரலாறு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பி.காம். டாக்டர் கிடையாது. இதைப் படித்துவிட்டு யாரும் வைத்தியம் பார்த்துக்கொள்ள வேண்டாம். எங்கேயாவது தவறியிருந்தால் டாக்டர் நண்பர்கள் பின்னூட்டத்தில் காதைத் திருகலாம்.

சின்ன வயதில் ஊரில் செருப்பில்லாமல் திரிவோம். காலில் முள் குத்தும். இரண்டு நாள் கழித்துச் சீழ் பிடிக்கும். அப்போது தொடை இடுக்கில் நெல்லிக்காய் மாதிரி ஒன்று புடைத்துக்கொண்டு வலிக்கும். பாட்டியிடம் காட்டினால், "நெறி கட்டியிருக்கு, கால்ல எங்கடா புண்ணு?" என்பார். கவனித்தீர்களா? நெறியைக் காட்டினால் பாட்டி காலைத்தான் பார்ப்பார். புண் ஆறியதும் நெறி தானாகப் போய்விடும். இதற்காக யாரும் ஆஸ்பத்திரிக்குப் போனதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அந்த நெல்லிக்காய்க்குப் புத்தகத் தமிழில் நிணநீர்க் கணு என்று பெயர். உடம்பு முழுக்க சில நூறு இருக்கின்றன. வயிற்றுக்குள் குடலைத் தாங்கிப் பிடிக்கும் கொழுப்புத் திரையிலும் வரிசையாக இருக்கின்றன. அவையும் இதேபோல நெறி கட்டும். ஆனால் அதைக் கையால் தொட்டுப் பார்க்க முடியாது, ஸ்கேனில்தான் தெரியும். அங்கேதான் பிரச்னை ஆரம்பம்.

2019 ஜூலை. கிளையில் பணம் எண்ணி முடிக்கும் நேரம், மாமா மகன் போன் செய்தான்.

"அத்தான், அப்பாவுக்குக் குடல்ல கட்டியாம். கேன்சர்னு சொல்றாங்க. நெறியெல்லாம் பரவிடுச்சாம்."

மாமாவுக்கு அப்போது 61 வயது. நாலைந்து மாதமாகவே சோர்வு, மூச்சு வாங்கல். ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் கொலனாஸ்கோபி செய்ததில் பெருங்குடலின் வலது பக்கம் கட்டி. சி.டி. ஸ்கேனில் கட்டிக்குப் பக்கத்தில் பெரிய பெரிய நெறிகள், ஒன்று 1.8 செ.மீ. அடுத்து பெட் ஸ்கேன். அதில் வயிற்று நெறிகளோடு நெஞ்சுக்கூட்டுக்குள் இருந்த நெறிகளும் பளபளவென்று எரிந்தன. "நாலாவது ஸ்டேஜ் மாதிரி இருக்கு, ஆபரேஷன் செஞ்சு பிரயோஜனம் இல்லை" என்றார் முதலில் பார்த்த டாக்டர். வீட்டில் மாமாவிடம் சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கூட்டம். ஆற்றோரத்து நிலத்தை விற்கலாமா என்று இன்னொரு கூட்டம். அத்தை சாப்பிடுவதையே நிறுத்திவிட்டார்.

நான் ரிப்போர்ட்டை மெயிலில் வாங்கி ராத்திரி முழுக்க நெட்டில் தேடினேன். தேடத் தேட வயிறு கலங்கியதுதான் மிச்சம். எனக்கு எந்தக் கணக்கும் முதல் பற்றிலிருந்து பார்த்தால்தான் புரியும். அதனால் இந்த நெறிக் கணக்கை முதலில் யார் திறந்தார்கள் என்று பின்னோக்கிப் போனேன். அதுதான் இந்தப் பதிவு.

1622 ஜூலை 23, இத்தாலி. காஸ்பரே அசெல்லி என்ற சர்ஜன் நண்பர்களுக்காக ஒரு நாயை அறுத்துக் காட்டிக்கொண்டிருந்தார். (நாய்ப் பிரியர்கள் மன்னிக்கவும். என் மகள் இந்த வரியைப் படிக்கக் கூடாது.) குடலைத் தாங்கும் திரையில் வெள்ளை வெளேரென்று மெல்லிய கோடுகள். நரம்பு என்று முதலில் நினைத்தார். ஒன்றைக் கீறியதும் பால் போன்ற திரவம் வந்தது. அடுத்து வேறொரு நாயைப் பார்த்தால் அதில் கோடுகளைக் காணோம். யோசித்தபோதுதான் பிடிபட்டது. முதல் நாய் வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தது, இரண்டாவது பட்டினி. சாப்பாட்டுக் கொழுப்பைக் குடலிலிருந்து எடுத்துப் போகும் நிணநீர்க் குழாய்கள் அவை. அவருடைய புத்தகம் அவர் இறந்த பிறகு 1627ல் வந்தது, வண்ணப் படங்களோடு.

அசெல்லி ஒரு தப்பும் செய்தார். குழாய்கள் எல்லாம் வந்து சேரும் கணுக் கூட்டத்தைப் பார்த்து, இதைத் தாண்டி எல்லாம் ஈரலுக்குப் போகிறது என்று முடிவு கட்டினார். அது ஈரலுக்குப் போகவில்லை, முதுகெலும்பை ஒட்டி மேலேறி இடது கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கிறது என்று 1651ல் ழான் பெக்கே என்ற பிரெஞ்சுக்காரர் காட்டினார். கணுவைப் பார்த்துத் தப்பான முடிவுக்கு வருவது அன்றைக்கே ஆரம்பித்துவிட்டது என்று சொல்லலாம்.

பெக்கே காட்டிய வழி தெரிந்தால் 1848ல் ஜெர்மனியில் ருடால்ஃப் விர்ஷோ சொன்னது எளிதில் புரியும். வயிற்றுக்குள் புற்று இருந்தால் சில சமயம் இடது காறை எலும்புக்கு மேலே ஒரு கணு கெட்டியாகப் புடைக்கும். வயிற்றின் நிணநீர் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அது. இன்றைக்கும் அதை விர்ஷோ கணு என்கிறார்கள், டாக்டர்கள் கழுத்தடியைத் தடவிப் பார்ப்பது அதற்குத்தான். நிணநீர்க் கணு ஒரு வடிகட்டி, வருகிற அழுக்கைப் பிடித்து வைக்கும் என்பது விர்ஷோவின் கருத்து. நெறி என்றால் பரவல் என்ற பயம் மருத்துவத்தில் ஆழமாக வேர்விட்டது இந்தக் காலத்தில்தான்.

ஆனால் அதே காலத்தில் கழுத்து நெறி புடைத்த பெரும்பாலோருக்குப் புற்று கிடையாது. நம்மூரில் கண்டமாலை என்பார்களே, அதுதான். ஐரோப்பாவில் அரசர் தொட்டால் அது குணமாகும் என்று நம்பினார்கள். ஆங்கில அகராதி எழுதிய சாமுவேல் ஜான்சனை, இரண்டரை வயதில், 1712ல் ஆன் ராணியிடம் தூக்கிப் போனார்கள். ராணி தொட்டார், நோய் போகவில்லை. அது எந்தக் கிருமியால் வருகிறது என்று 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக் பெர்லினில் அறிவித்தார். காசநோய்க் கிருமி. நுரையீரலைத் தின்னும் அதே கிருமி கழுத்திலும் நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும் நெறி கட்ட வைக்கும். ஆக, வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி புடைப்பு, உள்ளே வேறு வேறு சரக்கு. இதைப் பிரித்துக் காட்டியது மைக்ராஸ்கோப்.

இங்கேதான் கதையின் முக்கியமான மனிதர் வருகிறார். கத்பர்ட் டியூக்ஸ். லண்டன் செயின்ட் மார்க்ஸ் ஆஸ்பத்திரியில் திசுக்களைச் சோதிக்கும் பேதாலஜிஸ்ட். நோயாளியை மேஜையில் படுக்க வைத்து அறுப்பவர் வேறு, இவர் அறுத்து எடுத்ததை வாங்கிப் பார்ப்பவர். ஏர்னஸ்ட் மைல்ஸ் என்ற சர்ஜன் 1908லேயே மலக்குடல் புற்றுக்கு, சுற்றியுள்ள கணுக்களையும் சேர்த்து எடுக்கும் பெரிய ஆபரேஷனைச் சொல்லியிருந்தார். அப்படி வெட்டி எடுத்த குடல்கள் டியூக்ஸ் மேஜைக்கு வரும். அவர் கொழுப்புத் திரையைப் பிரித்து ஒவ்வொரு கணுவையும் எடுத்து, அது எந்த இடத்தில் இருந்தது என்று படம் வரைந்து, ஒவ்வொன்றையும் மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். எங்கள் பாங்கில் ஒரு காலத்தில் லெட்ஜரின் ஒவ்வொரு பற்றுக்கும் எதிரே சிவப்புப் பேனாவால் டிக் போடுவோமே, அந்த மாதிரி வேலை.

1932ல் மூன்றே எழுத்தில் ஒரு வகைப்பாட்டை வெளியிட்டார். புற்று குடல் சுவருக்குள்ளேயே இருந்தால் ஏ. சுவரைத் தாண்டியும் கணுக்களில் இல்லையென்றால் பி. கணுக்களில் இருந்தால் சி. முதலில் மலக்குடலுக்குச் சொன்னது, பிறகு பெருங்குடல் முழுக்கவும் பயன்பட்டது. 1958ல் டியூக்ஸும் அவருடைய சகா பஸ்ஸியும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைப் போட்டார்கள். ஐந்து வருடம் தாண்டியவர்கள் ஏ பிரிவில் 98 சதவீதம் போல, பி பிரிவில் 78 போல, சி பிரிவில் 32 போல.

78க்கும் 32க்கும் நடுவே நிற்பது ஒரு கணு. அதனால்தான் அந்தக் கணுவுக்கு அவ்வளவு மரியாதை. ஆனால் ஒரு விஷயத்தை நாம் கவனிக்க வேண்டும். டியூக்ஸின் சி என்பது "கணு வீங்கியிருந்தது" என்று அர்த்தமில்லை. "கணுவைக் கீறி, உள்ளே புற்றுச் செல்லை என் கண்ணால் பார்த்தேன்" என்று அர்த்தம். பின்னால் வந்த கருவிகள் இந்த இரண்டையும் குழப்பிவிட்டன. கருவிகள் குழப்பவில்லை, ரிப்போர்ட்டைப் படிக்கிற நாம்தான் குழப்பிக்கொண்டோம் என்பது இன்னும் சரி.

1971 அக்டோபர் 1 அன்று லண்டனில் ஒரு பெண்மணியின் தலையைப் படம் பிடித்தது முதல் சி.டி. ஸ்கேன். செய்தவர் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட், கம்பெனி இ.எம்.ஐ. ஆமாம், கிராமபோன் ரிக்கார்டு போட்ட அதே இ.எம்.ஐ.தான். 1979ல் ஆலன் கார்மாக்குடன் சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு. வயிற்றைத் திறக்காமல் உள்ளே பார்க்கும் வசதி அதற்கு முன் யாருக்கு இருந்தது? அதன் பெருமையை நான் குறைக்கவில்லை. ஆனால் கணு விஷயத்தில் சி.டி. முக்கியமாகச் சொல்வது அளவைத்தான். குறுக்களவு 1 செ.மீ.க்கு மேல் என்றால் சந்தேகம் என்பது பொதுவான வழக்கம்.

பெருங்குடல் புற்றில் இந்த அளவுகோல் இரண்டு பக்கமும் காலை வாருகிறது. புற்று ஏறிய கணுக்களில் நிறைய 5 மில்லிமீட்டருக்கும் குறைவானவை. ஸ்கேன் அவற்றைச் சாதாரணம் என்று விட்டுவிடும். மறுபக்கம், ஒன்றரை இரண்டு சென்டிமீட்டருக்கு வீங்கிய கணுவை எடுத்துக் கீறினால் ஒரு புற்றுச் செல்கூட இருக்காது. கட்டிக்கு மேலே புண் இருக்கும், கிருமி இருக்கும், செத்த செல்களின் குப்பை இருக்கும். அதெல்லாம் பக்கத்துக் கணுவுக்குத்தான் போகும். முள் குத்தின காலுக்குத் தொடை இடுக்கில் நெறி கட்டுவதுபோல, புற்றுக்கும் பக்கத்துக் கணு நெறி கட்டும், புற்று அங்கே போகாமலேயே.

மைக்ராஸ்கோப்பில் அது எப்படி இருக்கும் என்று படித்தபோதுதான் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது. கணுவின் ஓரத்தில் வெள்ளை அணுக்கள் பெருகும் வட்டங்கள் இருக்கின்றன. நோய் வந்தால் அவை பெரிதாகும். நடுவே நிணநீர் ஓடும் கால்வாய்கள். அதில் குப்பையை விழுங்கும் பெரிய செல்கள் வந்து நிரம்பும். 1950களில் அமெரிக்காவில் மாரிஸ் பிளாக் என்பவர் மார்பு, இரைப்பைப் புற்றுகளில் இதை ஆராய்ந்து, இப்படிக் கால்வாய் நிரம்பியவர்கள் மற்றவர்களைவிட நன்றாகத் தேறுகிறார்கள் என்று எழுதினார். எல்லோரும் ஒப்புக்கொள்ளவில்லை, பின்னால் வந்த ஆய்வுகள் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இழுத்தன. ஆனால் வீங்கிய கணு எதிரியின் கூடாரமாகத்தான் இருக்க வேண்டுமா, நம் ஆட்களின் முகாமாக இருக்கக் கூடாதா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது.

மைக்ராஸ்கோப்பிலும் ஏமாறலாம். குப்பை விழுங்கும் செல் சில சமயம் உள்ளே எதையோ நிரப்பிக்கொண்டு, கருவை ஓரத்துக்குத் தள்ளி, மோதிரம் மாதிரி தெரியும். இரைப்பையிலும் குடலிலும் வருகிற ஒரு பொல்லாத புற்றுச் செல்லும் அச்சு அசலாக இதே மோதிரம்தான். பாங்கில் கையெழுத்து ஒத்துப்போகிற போலி செக் மாதிரி. இதற்கு ஒரு சாயச் சோதனை உண்டு. குடலின் உள்சுவரிலிருந்து வந்த புற்றுச் செல்லில் கெராட்டின் என்ற புரதம் இருக்கும், குப்பை விழுங்கியில் இருக்காது. கெராட்டினுக்கு மட்டும் நிறம் ஏற்றும் சாயத்தைப் போட்டால் குட்டு உடையும்.

இன்னொரு வேடிக்கை. கொலனாஸ்கோபி செய்யும்போது, ஆபரேஷனில் கட்டியின் இடம் தெரிவதற்காகக் குடல் சுவரில் கறுப்பு மையை ஊசியால் ஏற்றுவார்கள், பச்சை குத்துவது போல. 1975ல் இதற்கு இந்தியன் இங்க்கையே பயன்படுத்தினார்கள், பள்ளிக்கூடத்தில் மேப் வரைவோமே அதே மை. அந்த மையின் கரித்துகளும் நிணநீர் வழியாகப் போய் கணுவில் உட்கார்ந்து அதைக் கறுப்பாக்கி வீங்க வைப்பது உண்டு. 2021ல் கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்களுக்கு அக்குளில் நெறி கட்டி, மார்புப் புற்றுப் பரிசோதனையில் டாக்டர்கள் திணறியதும் இதே வகைதான்.

சரி, சி.டி. அளவைத்தான் சொல்கிறது, பெட் ஸ்கேன் இன்னும் மேலே போகுமே என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். புற்றுச் செல் சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்னும் என்று 1920களில் ஓட்டோ வார்பர்க் கண்டார். அதை வைத்து, கதிர் வீசும் ஃப்ளோரின் ஒட்டிய சர்க்கரையை 1976ல் அமெரிக்காவில் முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தினார்கள். 110 நிமிடத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் தயாரித்த இடத்திலிருந்து விமானத்தில் அவசரமாகக் கொண்டு போனார்கள். சர்க்கரை எங்கே குவிகிறதோ அங்கே எரியும். ஆனால் சர்க்கரை தின்பது புற்று மட்டுமா? வேலை செய்துகொண்டிருக்கும் குப்பை விழுங்கியும் தின்னும். காசநோய் பிடித்த கணு பெட் ஸ்கேனில் புற்றைப் போலவே ஜொலிக்கும். உலகக் காசநோயாளிகளில் ஏறத்தாழ நாலில் ஒருவர் இருக்கிற நாட்டில் நாம் இருக்கிறோம். வெளிநாட்டுப் புத்தகத்தில் ஓர் ஓரமாக எழுதியிருக்கும் எச்சரிக்கையை நாம் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

காசநோய்கூட இல்லாமல், புற்றுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பாகவே கணுக்களில் அதே மாதிரி சிறு உருண்டைகள் வருவதும் உண்டு. கிரானுலோமா என்கிறார்கள். நூறு புற்றுநோயாளிகளில் நாலு பேருக்குப் போல இப்படி இருப்பதாக 1986ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்கிறது.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். இதெல்லாம் அப்போது எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். லீவு போட்டு ஊருக்குப் போய், ரிப்போர்ட் எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு வேறொரு ஊரில் இருந்த வயதான சர்ஜன் ஒருவரிடம் போனோம். அவர் படங்களை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"நெஞ்சுல பரவிருக்குன்னு யார் பார்த்தாங்க?"

"ஸ்கேன்ல தெரியுதுங்க சார்."

"எரியறது தெரியுது. எரியறது எதுன்னு யார் பார்த்தாங்கன்னு கேக்கறேன்."

எங்களிடம் பதில் இல்லை. ஈரல் சுத்தமாக இருக்கிறது, வயிற்றில் வேறெங்கும் இல்லை, நடுவே எல்லாம் விட்டுவிட்டு நெஞ்சுக்குப் போய் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி உட்காருமா, எனக்கு ஒத்துவரவில்லை என்றார். மூச்சுக்குழாய் வழியாகக் குழாய் விட்டு, அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டே ஊசியால் அந்தக் கணுவிலிருந்து துளி சதை எடுத்தார்கள். ஐந்து நாள் காத்திருந்தோம். ஐந்து நாளும் மாமாதான் எங்களுக்கெல்லாம் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரிசல்ட்: புற்றுச் செல் இல்லை. கிரானுலோமா. காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனை பாசிட்டிவ்.

ஒரு வீட்டில் டி.பி. என்று சொன்னதற்குக் கேசரி கிளறியது எங்கள் வீடாகத்தான் இருக்கும். "எந்த வியாதிக்குச் சந்தோஷப்படறதுன்னு தெரியல மாப்ளே" என்றார் மாமா. அத்தை அன்றைக்குத்தான் தட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்.

டி.பி. மாத்திரை அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கொடுத்தார்கள், ஆறு மாதம். ஆரம்பித்து சில வாரத்தில் ஆபரேஷன். வலது பக்கப் பெருங்குடலையும் அதன் கொழுப்புத் திரையையும் சேர்த்து எடுத்தார்கள். இனி மிச்சமிருந்தது கட்டிக்குப் பக்கத்தில் இருந்த நெறிகள், அந்த 1.8 செ.மீ. உட்பட. அதில் புற்று இருந்தால் மூன்றாவது ஸ்டேஜ், கீமோ உண்டு. இல்லையென்றால் இரண்டாவது.

கீமோ பற்றி ஒரு குட்டித் தகவல். கணுவில் புற்று ஏறியவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு மருந்து கொடுத்தால் பலன் உண்டு என்று 1990ல் அமெரிக்காவில் சார்லஸ் மோர்ட்டல் குழு நிரூபித்தது. அதில் ஒரு மருந்து லெவாமிசோல். நம்மூரில் குழந்தைகளுக்குக் கொடுத்த பூச்சி மருந்து! பிறகு அதைவிட நல்லவை வந்து அது வழக்கொழிந்தது. அதே 1990ல் சிட்னியில் கூடிய மாநாட்டில், வெட்டி எடுத்த குடலில் குறைந்தது 12 கணுவையாவது பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்தார்கள். நாலே நாலு கணுவைப் பார்த்துவிட்டு "எதிலும் இல்லை" என்றால் அதை நம்ப முடியாது அல்லவா? சாம்பிள் சரியாக எடுக்காமல் ஆடிட் ரிப்போர்ட்டில் "எல்லாம் சரி" என்று எழுதுவது போல. இன்றைக்கும் பேதாலஜிஸ்ட் அந்தக் கொழுப்பை விரலால் நசுக்கி நசுக்கித்தான் கணு தேடுகிறார், பயறு அளவு, கடுகு அளவு என்று.

பத்து நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. அதில் ஒரு வரி: 0/23. இருபத்துமூன்று கணு பார்த்ததில் ஒன்றில்கூடப் புற்று இல்லை. 1.8 செ.மீ. கணுவுக்கு எதிரே, "எதிர்வினை மாற்றங்கள் மட்டும்" என்று அர்த்தம் வரும்படி ஒரே வரி.

"இருபத்திமூணுக்கு ஜீரோன்னா பாஸா, ஃபெயிலா?" என்றார் மாமா.

அவ்வளவு பெரிதாக ஏன் வீங்கியது என்பதற்கும் அந்த ரிப்போர்ட்டிலேயே விடை இருந்தது. அதற்கு இன்னொரு பழைய கதை. 1895ல் மிச்சிகனில் ஒரு தையல்காரப் பெண் ஆல்ட்ரெட் வார்த்தின் என்ற பேராசிரியரிடம், எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குடலிலோ வயிற்றிலோ கர்ப்பப்பையிலோ புற்று வந்துதான் சாகிறார்கள், நானும் அப்படித்தான் போவேன் என்றாள். அப்படியே ஆனது. வார்த்தின் அந்தக் குடும்பத்தின் வரலாற்றை 1913ல் வெளியிட்டார், கண்டுகொள்ள ஆளில்லை. 1960களில் ஹென்றி லிஞ்ச் அதே மாதிரிக் குடும்பங்களைத் தேடிப்போய் எழுதினார். 1993 வாக்கில் காரணம் தெரிந்தது. செல் பிரியும்போது மரபணுவில் விழும் எழுத்துப்பிழைகளைத் திருத்தும் புரதங்கள் அவர்களிடம் பழுது. அதே பழுது பரம்பரையாக இல்லாமல் வயதானவர்களுக்குத் தானாகவும் வருவதுண்டு, குறிப்பாக வலது பக்கப் பெருங்குடலில்.

திருத்தம் இல்லாததால் அந்தப் புற்றுச் செல்லில் ஏகப்பட்ட எழுத்துப்பிழைகள். நம் வெள்ளை அணுக்களுக்கு அது அந்நியன் என்று சுலபமாக அடையாளம் தெரிகிறது. கூட்டமாக வந்து மொய்க்கின்றன. பக்கத்துக் கணுக்கள் வீங்கிப் போகின்றன. ஸ்கேனில் பார்த்தால் பரவியது போலத் தெரியும், அறுத்துப் பார்த்தால் பல நேரம் வெறும் எதிர்வினை. இந்த வகையில் சி.டி. ஸ்கேன் கணுக்களை மிகைப்படுத்திவிடுகிறது என்பது டாக்டர்கள் இப்போது நன்றாக அறிந்த விஷயம். அந்த மொய்க்கும் படையையே மருந்தால் உசுப்பிவிட்டால்? நெதர்லாந்தில் அதைத்தான் செய்தார்கள். 2024ல் வெளியான ஆய்வு அது. இந்த வகைப் பெருங்குடல் புற்று உள்ள 111 பேருக்கு ஆபரேஷனுக்கு முன் சில வாரம் மட்டும் எதிர்ப்புச்சக்தி மருந்து கொடுத்ததில் 68 சதவீதம் பேரிடம், வெட்டி எடுத்த குடலில் உயிருள்ள புற்றுச் செல்லே காணவில்லை.

மாமாவுக்கு இருந்தது அந்த வகைதான். பரம்பரையா என்று அடுத்த சோதனையும் செய்தார்கள், இல்லை என்று வந்தது. (மாமா மகனுக்கும் அவன் தங்கைக்கும் அன்றைக்குத்தான் தூக்கம் வந்திருக்கும்.) இரண்டாவது ஸ்டேஜ், இந்த வகை, அதனால் கீமோவே வேண்டாம் என்றார்கள். ஜூலையில் நாலாவது ஸ்டேஜ், அக்டோபரில் இரண்டாவது. வியாதி மாறவில்லை. முதலில் யாரும் கணுவுக்குள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் பார்த்த டாக்டர் மீது எனக்குக் கோபம் இருந்தது, இப்போது அவ்வளவு இல்லை. அவர் பார்க்கிற பத்தில் எட்டோ ஒன்பதோ உண்மையிலேயே பரவியவையாக இருக்கலாம். என் நண்பர் ஒருவரின் அக்காவுக்கு இதற்கு நேர் எதிராக நடந்தது. ஸ்கேனில் கணுவே தெரியவில்லை என்று நிம்மதியாக ஆபரேஷனுக்குப் போனார்கள், கடுகளவு கணுக்கள் மூன்றில் புற்று இருந்தது. கீமோ எடுத்துக்கொண்டு இப்போது நன்றாக இருக்கிறார். வீங்கியதெல்லாம் சாது, சின்னதெல்லாம் சமத்து என்று யாரும் இதைப் படித்துவிட்டுக் கிளம்ப வேண்டாம்.

ஆஸ்பத்திரியில் கேட்டால் அந்தக் கண்ணாடிச் சில்லுகளையும் மெழுகுக் கட்டிகளையும் நோயாளியிடமே கொடுப்பார்கள், வேறு எங்காவது மறுபடி காட்ட வேண்டி வந்தால் உதவும். மாமா கேட்டு வாங்கி வந்துவிட்டார். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது பீரோவைத் திறந்து காட்டினார். ஆற்றோரத்து நிலத்தின் பட்டா இருக்கும் அதே தட்டில், பழைய ஹார்லிக்ஸ் அட்டைப்பெட்டிக்குள், துணி சுற்றி வைத்திருக்கிறார். நிலமும் அவரிடம்தான் இருக்கிறது.